ஐயா இன்னும் தூங்கலை

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணன்களுக்குப் பஞ்சமே கிடையாது. தேரடியில் நின்று, "ஏ சங்கரா!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், டீக்கடையில் பாதிப் பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். மீதிப் பேர், கூப்பிட்டது தங்கள் மகனையா மருமகனையா என்று எட்டிப் பார்ப்பார்கள். அப்படியிருந்தும் ஊருக்கு இன்னும் ஒரு சங்கரநாராயணன் குறைகிறான் என்று பாத்திரக்கடை மகாராஜன் முடிவு கட்டிவிட்டார்.

குறைந்த அந்த ஒரு ஆள் அவர் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை. மூத்தவள் அனு ஏழாம் வகுப்புக்கு வந்து, "இனிமேல் எங்கே" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பதை நிறுத்திய பிறகு வந்து சேர்ந்த பையன். ஆஸ்பத்திரியில் அவனைக் கையில் வாங்கியபோது மகாராஜனுக்குப் பாதி வெட்கம், பாதி சந்தோஷம். பிள்ளையை நீட்டிய நர்ஸ், "தாத்தாவா?" என்று கேட்டதை மட்டும் அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பையன் என்று தெரிந்த நிமிஷமே பேரும் முடிவாகிவிட்டது. மகாராஜனின் தகப்பனார் பெயர் சங்கரநாராயணன். பாத்திரக்கடையை ஆரம்பித்தவர். அனு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் காலமானார். பேரனுக்குத் தாத்தா பேர்; இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க இருந்தது. அவர் மனைவி வேல்விழி யோசித்து வைத்திருந்தாள்.

"லிங்கேஷ்" என்றாள்.

"என்னட்டி பேரு அது? புதுசா வந்த மிக்சி பேரு மாதிரி இருக்கு."

"லிங்கமும் இருக்கு, ஈசனும் இருக்கு. அதுல என்ன குறை உங்களுக்கு? வாய் நெறைய இருக்கு. கூப்பிட்டா நம்ம பிள்ளை மட்டும் திரும்பிப் பாப்பான். சங்கரநாராயணன்னு கூப்பிட்டா பள்ளிக்கூடத்துல ஒரு வகுப்பே எந்திரிச்சு நிக்கும்."

"நிக்கட்டுமே. எங்க ஐயா பேரு. அதை வைக்காம அவுக படத்துக்கு முன்னால நான் எப்படி நிக்க?"

வேல்விழி வாயை மூடிக்கொண்டாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் மகாராஜன் ஒரு விஷயத்தைக் கற்றிருக்க வேண்டும். வேல்விழி சண்டை போட்டால் பயமில்லை. அது அரை மணி நேரத்தில் காப்பியோடு முடிந்துவிடும். அவள் வாயை மூடினால்தான் ஆபத்து. ஆனால் மகாராஜன் கற்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று கடைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை பேர் வைக்க நாளும் குறித்தாகிவிட்டது.

பேர் ஒரு பக்கம் இருக்கட்டும். பேருக்குரியவன் இருக்கிறானே, அவன் தொண்டைதான் வீட்டின் பெரிய பிரச்சினை. கடையில் மேல் தட்டிலிருந்து அண்டா உருண்டால்கூட ஒரு தரம் சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். இவன் அடங்குவதில்லை. துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தால் முதலில் ஒரு முஷ்டி வெளியே வரும். பிறகு ஒரு கால். அப்புறம் சைக்கிள் மிதிப்பான். மிதித்துக்கொண்டே அழுவான். முகம் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து, நாக்கு நடுங்கி, ஒரு நொடி சத்தமே வராமல் நின்று, "அப்பாடா" என்று நாம் மூச்சு விடும்போது, தேக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் விடுவான். வேல்விழியின் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிற்று. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளக்கூட அவளுக்கு நேரமில்லை.

மகாராஜன் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் காலை, தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"பிள்ளையைத் தூங்க வைக்கிறதுக்கு ஒரு கை வேணும், விழி. அனுவை யாரு தூங்க வச்சா?"

வேல்விழி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுட்டி, யாரு தூங்க வச்சா?"

"நீங்கதான்."

"அது!"

அவருக்கு அது சும்மா பெருமை இல்லை. வாழ்க்கையில் அவர் சொந்தமாகச் சம்பாதித்த ஒரே பட்டம் அது. அனு தலைப்பிரசவம் என்பதால் வேல்விழி தாய்வீட்டில், ராயகிரியில் இருந்தாள். மகாராஜன் அப்போது ஐயாவுக்குக் கீழே கடையில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் விடுதலை. கடையை அடைத்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்தால் நேரே மாமனார் வீடு. ராயகிரியில் அந்த வீட்டு முற்றத்தில் வாழைமரம் நிற்கும். சாப்பிட்டுக் கை கழுவியதும் வேல்விழி அனுவைக் கொண்டுவந்து அவர் தோளில் சாய்ப்பாள். அவருக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் பாத்திரம்தான். அதையே ராகமாக இழுப்பார்:

"அண்டா குண்டா தவலை செம்பு, ஆராரோ... கும்பா உருளி கொப்பரை போணி, ஆரிரரோ..."

வாசலில் ஆரம்பித்தால் வாழைமரம் போய்ச் சேருவதற்குள் அனு தூங்கிவிடுவாள். கொப்பரையைத் தாண்டியதே கிடையாது. மாமியார் வாயில் கை வைத்துக்கொள்வார். "மருமவன் கையில என்ன மருந்து வச்சிருக்காகளோ" என்பார் மாமனார். வேல்விழி கதவில் சாய்ந்து நின்று சிரிப்பாள். அப்போது அவள் ரொம்ப மெலிந்திருந்தாள். பழைய சேலையும் காதில் பஞ்சுமாக நிற்பாள். அந்தச் சிரிப்புக்காகவே மகாராஜன் ஆறு நாளும் அண்டாவைத் துடைத்தார். சாயங்காலம் திரும்பி வரும்போது சட்டையின் தோளில் பால் வாசனையும் விளக்கெண்ணெய் வாசனையும் கலந்து அடிக்கும். அந்தச் சட்டையைப் புதன்கிழமை வரை துவைக்கப் போடமாட்டார். இப்போது நினைத்தாலும் அவருக்கு நெஞ்சு குளிரும். அந்தக் காலம் மாதிரி வருமா என்று அவர் அடிக்கடி பெருமூச்சு விடுவது அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துத்தான்.

"அப்ப இவனையும் நீங்களே தூங்க வையுங்களேன்" என்றாள் வேல்விழி, தோசையைத் திருப்பிப் போட்டபடி.

"வச்சாப் போச்சு."

"மாமா பேரே இருக்கட்டும். நானும் யோசிச்சுப் பாத்தேன்."

மகாராஜன் கையில் இருந்த தோசை அப்படியே நின்றது. "நெசமாவா சொல்லுத?"

"நெசமாத்தான். ஆனா ஒண்ணு. பேருன்னு வச்சா வாயால கூப்பிடணும்லா? என்னால முடியாது. மாமனார் பேரைச் சொல்லி, வாலே போலேன்னு நான் எப்படிக் கூப்பிட? என் நாக்கு அழுகிப் போவும்."

"நீ கூப்பிடாண்டாம். நான் கூப்பிட்டுக்கிடுதேன்."

"கூப்பிடுவியளான்னு பாக்கணும்லா? கடையில புதுக் குக்கர் வந்தா, தண்ணி ஊத்தி விசில் வருதான்னு பாக்காமயா விக்கிய?"

"அதெப்படி? பாத்துத்தான் விப்பேன்."

"அதே மாதிரிதான். ஞாயித்துக்கிழமை மதியம் நீங்க கடையை அடைச்சிட்டு வாங்க. சாப்பாட்டுல இருந்து சாயங்காலக் காப்பி வரைக்கும் பிள்ளை உங்க பொறுப்பு. நீங்க தூங்க வையுங்க. வைக்கும்போது மாமா பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். கண்ணு, செல்லம், தம்பி ஒண்ணும் கெடையாது. வாங்க, போங்கன்னு மரியாதையும் கெடையாது. பிள்ளைன்னா பிள்ளையைக் கூப்பிடுத மாதிரி, லே போட்டுக் கூப்பிடணும். கொஞ்சணும், தேவைப்பட்டா அதட்டணும். தூங்க வச்சிட்டியன்னா வெள்ளிக்கிழமை நானே ஊருக்கெல்லாம் சொல்லுதேன், சங்கரநாராயணன்னு. முடியலைன்னா லிங்கேஷ்."

மகாராஜன் சிரித்தார். அண்டாவையே தலையில் தூக்கிக்கொண்டு நடந்தவனிடம் செம்பைத் தூக்கச் சொல்லுகிறாளே என்று சிரித்தார்.

"எழுதி வச்சுக்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அனுவைக் குருவிகுளத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மகாராஜன் கடையை அடைத்து, வருகிறேன் என்று போன் போட்டுச் சொல்லிவிட்டு, வழியில் வேல்விழிக்கு ரெண்டு முழம் மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டு வந்தார். தோற்கப் போகிறவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்கிற நல்ல எண்ணம்தான்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் வேல்விழி பிள்ளைக்குப் பால் கொடுத்து, துணியில் சுற்றி, அவர் கையில் வைத்தாள். பையன் கண்ணை அகல விழித்துக்கொண்டு, புதுச் சரக்கைப் பார்க்க வந்த வியாபாரி மாதிரி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"நான் உள்ள படுத்துக்கிடுதேன்" என்றாள் வேல்விழி. "நீங்க சரியாச் செய்யுதியளான்னு பாக்க ஆயிஷா இருப்பா."

பக்கத்து வீட்டு ஆயிஷா சித்திகா ஏற்கனவே வந்து, முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு முறம் சின்ன வெங்காயம்.

"தங்கச்சி, நீ எதுக்கு வெயில்ல..."

"வீட்டுல உரிக்கிற வெங்காயத்தை இங்கன வச்சு உரிக்கேன். அவ்வளவுதான், அண்ணாச்சி. நீங்க நடத்துங்க."

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. மகாராஜன் பையனைத் தோளில் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"அண்டா குண்டா தவலை செம்பு, ஆராரோ..."

பையன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"கும்பா உருளி கொப்பரை போணி..."

கொப்பரையில் அழ ஆரம்பித்தான். போணி முடியும்போது உச்சத்தில் இருந்தான். மகாராஜன் தவலைக்குத் திரும்பிப் போனார். பலனில்லை. எவர்சில்வருக்கு மாறினார். நான்ஸ்டிக் வரைக்கும் வந்தார். அனுவின் காலத்தில் இல்லாத சரக்கெல்லாம் தாலாட்டில் சேர்ந்தது. பையன் ஒன்றையும் வாங்குவதாக இல்லை.

"பேரைச் சொல்லலியே, அண்ணாச்சி" என்றாள் ஆயிஷா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொல்லுதேன், சொல்லுதேன். முதல்ல ராகம் பிடிக்கட்டும்."

"ராகம் பிடிச்சிருச்சு. அவன்தான் பாடுதானே."

மகாராஜன் பையனை முகத்துக்கு நேரே பிடித்தார். வாயைத் திறந்தார். விசித்திரம் என்னவென்றால், வாய் திறந்ததே தவிரப் பேர் வரவில்லை. வயது நாற்பதுக்கு மேல் ஆகிறது. தகப்பனார் பேரை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கே தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "தகப்பன் பேரு என்னலே?" என்று கேட்டால், "கோயில் சாமி பேரு சார்" என்று சொல்லித் தப்பித்திருக்கிறார். இந்த ஊரில் அது போதும். பாங்கில் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவார். கடைப் பலகையிலும் ஐயா பேர் பெயிண்டில் இருந்தது. அதைப் படிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

"சங்கர...நாராயணன்..." என்றார் மெதுவாக. குரல் அர்ச்சனைக்குப் பேர் கொடுப்பது மாதிரி வந்தது. "தூங்குங்க."

"மரியாதை வருது, அண்ணாச்சி."

"வாய் தவறிட்டு, தாயி."

"நம்ம பிள்ளைதானே. லே போடுங்க."

"போடுதேன்."

போடவில்லை. அதற்குள் அவர் வேட்டியின் முன்பக்கம் வெதுவெதுவென்று ஆனது. கீழே பார்த்தார். ஆயிஷாவும் பார்த்தாள்.

"அய்யய்யோ. யாரு நனைச்சது, அண்ணாச்சி?"

மகாராஜன் சுவரைப் பார்த்தார். சுவரில் ஐயா இருந்தார். சந்தன மாலைக்குள், வெள்ளைச் சட்டை, இறுகிய உதடு.

"பேரைச் சொல்லுங்க. யாரு நனைச்சது?"

"நனைச்சிட்டாக" என்றார் மகாராஜன், தலையைக் குனிந்துகொண்டு. "ஒருத்தர்."

ஆயிஷா முக்காட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். வெங்காயத்தின் காரமா வேறு எதுவா என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் தாரையாக வந்தது.

வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து மகாராஜன் விஞ்ஞானத்தைக் கையில் எடுத்தார். போனில் குழந்தைகள் தூங்குவதற்கென்றே மழைச் சத்தம் கிடைக்கிறது என்று கடைக்கு வந்த யாரோ சொல்லியிருந்தார்கள். போட்டார். மழை பெய்தது. பையன் அழுகையை நிறுத்திக் காது கொடுத்தான். இமை ஒரு தரம் தாழ்ந்தது. மகாராஜன் மூச்சை அடக்கிக்கொண்டார். இன்னொரு தரம் தாழ்ந்தது. அப்போது மழை சட்டென்று நின்று, "உங்க நகைக்கு உடனடி பணம்!" என்று ஒருவன் போனுக்குள்ளிருந்து கத்தினான். அதற்குப் பிறகு பையன் போட்ட சத்தத்தில் போன் தானாகவே வெட்கப்பட்டு அணைந்த மாதிரி இருந்தது.

சேலைத் தொட்டில் போட்டு ஆட்டினார். தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு கால் மட்டும் வெளியே வந்து மிதித்தது. ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி இயந்திரத்தை ஓடவிட்டார். புகை உள்ளே வந்து ஆயிஷா இருமியதால் நிறுத்தினார். நடுவில் பையனைப் பசியாற்ற உள்ளே கொடுத்தார். போன வேகத்தில் திரும்பி வந்தான். கதவிடுக்கில் வேல்விழியின் கை மட்டும்தான் தெரிந்தது. பாதித் தூக்கத்தில் நீட்டிய கை. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

மகாராஜனுக்கு மதியத் தூக்கம் போனது. முதுகு வலித்தது. தோள் நனைந்து நாறியது. பையனோ இப்போதுதான் கடையைத் திறந்தவன் மாதிரி சுறுசுறுப்பாக இருந்தான். கடைசியில் அவருக்குப் பொறுமை அறுந்தது. தன்னை மறந்து ஒரு அதட்டு அதட்டிவிட்டார்:

"ஏலே சங்கரநாராயணா! வாயை மூடுலே!"

வீடே அமைதியாகிவிட்டது. பையன்கூட ஒரு நொடி நிறுத்தினான். ஆயிஷாவின் கையில் வெங்காயம் அந்தரத்தில் நின்றது. மகாராஜன் மெல்லத் திரும்பிப் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் படத்து மாலை இப்படியும் அப்படியும் ஆடியது. ஐயா தலையை ஆட்டி, "அப்படியாலே?" என்று கேட்கிற மாதிரியே இருந்தது. மகாராஜன் பையனை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பையன் இடைவேளை முடிந்து மறுபடி தொடங்கினான்.

கால் ஓய்ந்துபோய் அவர் ஐயாவின் பழைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். மதியம் அந்த நாற்காலியில்தான் ஐயா படுப்பார். அந்த நேரத்தில் வீட்டில் கரண்டி விழக்கூடாது, கதவு முனகக் கூடாது. "ஐயா தூங்குதாக" என்று அம்மா உதட்டில் விரலை வைத்துச் சொன்னால், அப்போது வந்த ஈயும் திரும்பிப் போய்விடும் என்று மகாராஜன் சின்ன வயதில் நம்பியிருந்தார்.

ஒரு மதியம் அவர் கை தவறிப் பித்தளைச் செம்பு ஒன்று மாடிப்படியில் உருண்டது. ஒவ்வொரு படியாக, நிதானமாக, எல்லாப் படியிலும் மணி அடித்துவிட்டுத்தான் கீழே வந்தது. ஐயா கண்ணைத் திறந்தார். "இங்க வாலே" என்றார். இவர் நடுங்கிக்கொண்டு போனார். ஐயா அவரைத் தூக்கித் தன் நெஞ்சில் குப்புறப் போட்டுக்கொண்டு, "சத்தம் போடாமப் படுலே" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். அவ்வளவுதான். அடியில்லை, திட்டில்லை. மகாராஜன் அந்த மதியம் முழுக்கத் தூங்கவில்லை. அசைந்தால் ஐயா எழுந்துவிடுவாரே, எழுந்தால் இறக்கி விட்டுவிடுவாரே என்று, காதுக்குக் கீழே அந்த நெஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே கிடந்தார். பித்தளை வாசனையும் புளி வாசனையும் ஐயாவின் மேல் எப்போதும் இருக்கும். அதற்கு அப்புறம் அப்படி ஒரு மதியம் வரவே இல்லை. இப்போது அதை நினைத்ததும் அவருக்கு ஐயாவை ரொம்பத் தேடியது.

மடியில் கிடந்த பையனைப் பார்த்தார். ஐயாவின் அதே காது. ஐயாவின் அதே நெற்றிச் சுருக்கம். ஐயா ஆயுசு முழுக்கத் தன்னை லே போட்டுக் கூப்பிட்டார். அதில் ஒரு சுகம் இருந்தது. அதைத் திருப்பி அவருக்கே போட முடியுமா?

பையனைத் தூக்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். வாயில் தானாக வந்தது:

"ஐயா... தூங்குங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஆயிஷா முறத்தைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, கணக்குப்படி பாத்தா..."

"தெரியும், தாயி. நான் தோத்துட்டேன்."

"அக்காவை எழுப்பவா?"

"எழுப்பு. ஐயா இன்னும் தூங்கலைன்னு சொல்லு."

எழுப்ப வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வேல்விழியே வந்தாள். நன்றாகத் தூங்கி, முகம் கழுவி, தலை சீவி, அவர் வாங்கி வந்த மல்லிகையை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ராயகிரி வீட்டுக் கதவில் சாய்ந்து நின்ற பெண் மறுபடி வந்துவிட்டாள் என்று மகாராஜனுக்குத் தோன்றியது. தோற்றதுகூட அந்த நிமிஷம் மறந்துவிட்டது.

ஆயிஷா, "வெங்காயம் ஆச்சு, நான் வாரேன்க்கா" என்று முறத்தோடு நழுவினாள். வாசல் தாண்டியதும் அவள் சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மகாராஜன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோற்றாலும் பெருந்தன்மையோடு தோற்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

"நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன், விழி. ஐயா பேரு பெரிய பேரு. அதைச் சின்னப் பிள்ளை தலையில தூக்கி வைக்கப்படாது. நாளைக்கு இவன் மார்க் வாங்கலைன்னா திட்டணும், சுவரு ஏறிக் குதிச்சா அடிக்கணும். ஐயா பேரைச் சொல்லி என்னால ஆவாது. லிங்கேஷ்தான் சரி. இது என் முடிவு."

"உங்க இஷ்டம்" என்றாள் வேல்விழி, ரொம்ப அடக்கமாக. "நீங்க சொன்னா சரி."

பையனைக் கையில் வாங்கினாள். அவன் அவள் தோளில் தலையைப் போட்டான். ஒரு கொட்டாவி விட்டான். மகாராஜன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடினான். பாட்டில்லை, மழையில்லை, ஸ்கூட்டர் இல்லை. அவருக்கு அது பொறுக்கவில்லை.

"இது என்னட்டி அநியாயம்? மதியம் முழுக்க நான் தொண்டை கிழியப் பாடியிருக்கேன். இதே பாட்டுத்தானே? அனு கொப்பரைக்கு மேல தாங்கமாட்டாளே. அவ மட்டும் எப்படி அப்படித் தூங்கினா?"

வேல்விழி பையனின் முதுகைத் தட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"சொன்னா வருத்தப்படுவிய."

"சொல்லு."

"வாரம் முழுக்கக் கடையில நின்னுட்டு, அந்த வெயில்ல ராயகிரிக்கு ஓடி வருவிய. வாரத்துக்கு ஒருநாள் வார அப்பா கையில பிள்ளை அழுதா உங்க மனசு ஒடிஞ்சு போயிரும். பிள்ளைக்கு நம்மளைத் தெரியலையேன்னு நெனச்சுக்கிடுவிய. அதனால ஞாயித்துக்கிழமை காலையில இருந்து அவளை நான் அசர விடமாட்டேன். கண்ணைச் சொக்கும்போதெல்லாம் வாழைமரத்துக்குத் தூக்கிட்டுப் போயி இலையைக் காட்டுவேன், கையைத் தட்டுவேன். நீங்க சாப்பிட்டுக் கை கழுவுதப்போ அவ பாதி தூங்கியிருப்பா. நீங்க அண்டான்னு ஆரம்பிச்சாப் போதும்."

மகாராஜன் இத்தனை வருஷமாக நெஞ்சில் குத்தி வைத்திருந்த பதக்கத்தை ஒரு நிமிஷத்தில் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பிரசவித்த உடம்போடு, தூக்கமில்லாத கண்ணோடு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் இவள் தனக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாழைமரத்தடியில் நடந்தாளே என்று நினைத்தபோது வருத்தத்தை விடப் பெரிதாக ஒன்று வந்து கண்ணை நிறைத்தது. அவர் கட்டியிருந்த வேட்டியின் நுனியால் துடைத்துக்கொண்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா, விழி."

"சொன்னா அப்புறம் பாடுவியளா?"

பையன் தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டினான். மகாராஜன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் மனசில் ஒரு சந்தேகம் முளைத்தது. அனு அன்றைக்கு அப்படித் தூங்கினாள் என்றால், இவன் இன்றைக்கு ஏன் இப்படி முழித்தான்?

"ஏட்டி" என்றார். "இன்னைக்குக் காலையில இவன் என்ன செஞ்சான்?"

வேல்விழி பையனைத் தொட்டிலில் கிடத்தி, துணியைச் சரி செய்துவிட்டு, காப்பி போட அடுப்படிக்கு நடந்தாள்.

"நல்லாத் தூங்கினான். கடையை அடைச்சாச்சுன்னு நீங்க போன் போட்டதும்தான் எழுப்பி விட்டேன்."